மேலாளர் மாறினாலும் கிளை மறக்கக் கூடாது: வங்கியில் வாடிக்கையாளர் உறவு மேலாண்மைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அரசு வங்கிக் கிளையில் ஒரு மேலாளர் மூன்று ஆண்டுகள் நீடித்தாலே அதிகம். அதே கிளைக்கு முப்பது ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கும் மளிகைக் கடைக்காரர், புதிதாக வரும் ஒவ்வொரு மேலாளரிடமும் தன் கதையை முதலிலிருந்து சொல்லியாக வேண்டும். "போன சார் சரி என்று சொல்லியிருந்தாரே" என்பார். போன சார் இப்போது போபாலில் இருப்பார். அவர் என்ன சொன்னார் என்பது எந்தக் கோப்பிலும் இருக்காது.

வாடிக்கையாளர் உறவு மேலாண்மை, அதாவது சிஆர்எம், என்றதும் மென்பொருள் விற்பவர்கள் வண்ண வண்ண வரைபடங்களைக் காட்டுவார்கள். என் கணக்கில் அதன் வேலை ஒன்றுதான்: வாடிக்கையாளர் சொன்னதையும் நாம் சொன்னதையும் கிளை நினைவில் வைத்திருப்பது. மற்றதெல்லாம் அதன்மேல் கட்டுவது.

ஒரு காலத்தில் இதற்குக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. 1904-இல் கும்பகோணத்திலும், 1916-இல் கரூரிலும், 1921-இல் தூத்துக்குடியிலும் தொடங்கிய வங்கிகள் தெருவையும் குடும்பத்தையும் அறிந்தே கடன் கொடுத்தன. கிளைத் தலைவரை அப்போது 'ஏஜெண்ட்' என்பார்கள். யார் வீட்டில் கல்யாணம், யார் வியாபாரம் படுத்துவிட்டது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தெரிந்ததால் சலுகையும் கிடைத்தது, பாரபட்சமும் நடந்தது. எல்லாக் கிளைகளின் கணக்குகளையும் ஒரே கணினி அமைப்பில் இணைக்கும் கோர் பேங்கிங் வந்தபின் வாடிக்கையாளர் எந்தக் கிளையிலும் பணம் எடுக்கலாம் என்றாயிற்று. எந்தக் கிளைக்கும் அவரைத் தெரியாது என்றும் ஆயிற்று. கோர் பேங்கிங்குக்குத் தெரிவது அவருடைய வரவு செலவு. அவர் என்ன கேட்டார், எதற்காகக் கோபித்துக்கொண்டு போனார் என்பது அதற்குத் தெரியாது. அந்த இடைவெளியைக் கிளை அளவில் எப்படி நிரப்புவது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். புதிதாகப் பொறுப்பேற்கும் கிளை மேலாளரையும் உதவி மேலாளரையும் மனதில் வைத்து எழுதியது இது.

முதல் படி: ஓர் ஆளுக்கு ஓர் எண்

ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு வாடிக்கையாளர் எண் உண்டு. பல வங்கிகளில் அதை சிஐஎஃப் என்பார்கள். ஒருவருக்கு எத்தனை கணக்கு இருந்தாலும் இந்த எண் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். நடைமுறையில் ஒரே ஆளுக்கு இரண்டு, மூன்று எண்கள் கிடக்கும். காரணம் பெரும்பாலும் நம் ஊர் முன்னெழுத்துதான். செல்வம் என்று ஒருவர், தந்தை பெயர் முத்துசாமி என்று வைத்துக்கொள்வோம். ஆதாரில் 'செல்வம்' என்று மட்டும் இருக்கும். பான் அட்டையில் முன்னெழுத்தை விரித்து எழுதி 'செல்வம் முத்துசாமி' ஆகியிருப்பார். பழைய பாஸ்புக்கில் 'மு. செல்வம்'. நகைக் கடன் பிரிவில் யாரோ அவசரத்தில் 'செல்வம் எம்' என்று ஏற்றியிருப்பார்கள். கணினிக்கு இவர்கள் நான்கு பேர்.

இதன் விளைவு என்ன? அவர் பெயரில் ஐந்து லட்சம் ரூபாய் டெபாசிட் இருப்பது தெரியாமல், மினிமம் பேலன்ஸ் இல்லை என்று அவருக்கே குறுஞ்செய்தி போகும். வட்டிக்கு வரி பிடிக்க வேண்டாம் என்று கொடுத்த படிவம் ஓர் எண்ணில் ஏறி, இன்னோர் எண்ணில் வரி பிடிக்கப்பட்டுவிடும்.

ஆகவே முதல் வேலை பெயர், பிறந்த தேதி, பான் எண், கைபேசி எண் ஆகிய நான்கையும் ஒப்பிட்டு இரட்டைப் பதிவுகளைக் கண்டுபிடித்து இணைப்பது. பத்தாயிரம் கணக்கு உள்ள கிளையில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடிக்க முடியாது. டெபாசிட்காரர்கள், லாக்கர் வைத்திருப்பவர்கள், நடப்புக் கடன் உள்ளவர்கள், ஓய்வூதியர்கள் என்ற வரிசையில் போங்கள்.

கைபேசி எண்ணைத் தனியாகச் சொல்ல வேண்டும். பல முதியவர்களின் கணக்கில் மகன் எண்தான் இருக்கும். மகன் அந்த எண்ணைக் கைவிட்டிருப்பார். கைவிடப்பட்ட எண்ணைத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் சில மாதங்களில் வேறொருவருக்குக் கொடுத்துவிடுகின்றன. அப்புறம் நம் வாடிக்கையாளரின் ஓடிபி யாரோ ஒரு அந்நியரின் கைபேசியில் போய் விழும். கவுண்டருக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் "இந்த எண் இப்போதும் உங்களிடம்தானே இருக்கிறது?" என்று கேட்பதற்குப் பத்து விநாடி போதும்.

கேஒய்சி, அதாவது வாடிக்கையாளரின் அடையாள, முகவரி விவரங்களைச் சரிபார்ப்பது; அதன் புதுப்பிப்பையும் இதே கையோடு பார்த்துவிடலாம். ரிசர்வ் வங்கி விதிப்படி அதிக இடர் உள்ளவர்களுக்கு 2 ஆண்டு, நடுத்தர இடருக்கு 8, குறைந்த இடருக்கு 10 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். விவரம் எதுவும் மாறவில்லை என்றால் வாடிக்கையாளரின் சுய அறிவிப்பே போதும். 2025 ஜூனில் செய்த திருத்தத்தின்படி, கெடு முடிவதற்கு முன்பே மூன்று முறை தெரிவிக்க வேண்டும். அதில் ஒன்றாவது தபாலில் போக வேண்டும். இதையெல்லாம் செய்யாமல் கணக்கை முடக்கிவிட்டு, "ஆதார் ஜெராக்ஸ் கொண்டு வாருங்கள்" என்று வரிசையில் நிறுத்துவதைவிட உறவைக் கெடுக்கும் வழி வேறில்லை.

இரண்டாம் படி: பிரிப்பது பணத்தை வைத்து மட்டும் அல்ல

தலைமை அலுவலகம் வாடிக்கையாளர்களை இருப்புத் தொகையை வைத்துத் தங்கம், வைரம், பிளாட்டினம் என்று பிரித்து அனுப்பும். அது அவர்களுக்கு உதவும். கிளைக்கு உதவுவது வேறு பிரிவினை: இவருக்கு வங்கி எப்போது தேவைப்படும்?

மத்திய அரசு ஓய்வூதியருக்கு நவம்பர் முக்கியம், உயிர்ச்சான்று கொடுக்க வேண்டும். 80 வயது கடந்தவர் அக்டோபரிலேயே கொடுக்கலாம். டெல்டா விவசாயிக்குக் குறுவைக்கும் சம்பாவுக்கும் முன்னால் பயிர்க்கடன் தேவை. ஜவுளிக் கடைக்காரருக்குத் தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பே ஓவர்டிராஃப்ட் வரம்பு, அதாவது இருப்புக்கு மேல் எடுக்கக்கூடிய தொகை, உயர வேண்டும். தீபாவளி வாரத்தில் அனுமதி வந்தால் அவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. பள்ளி திறக்கும் ஜூனில் நகைக் கடன் கவுண்டரில் கூட்டம் கூடும். மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்குத் தனி நாள் ஒதுக்கினால் அவர்களுக்கு அரை நாள் கூலி மிச்சம்.

இன்னொன்று, ஆளாகப் பார்க்காமல் குடும்பமாகப் பாருங்கள். இருநூறு ரூபாய் இருப்பு உள்ள சேமிப்புக் கணக்குக்காரர் துபாயில் வேலை செய்கிறவரின் தாயாக இருப்பார். அவரைக் கவுண்டரில் அலையவிட்டால் மகனின் டெபாசிட் எதிர்க்கடை வங்கிக்குப் போகும்.

மூன்றாம் படி: பேச்சைப் பதிவாக்குவது

எல்லாப் படிகளிலும் எளிதானது இதுதான், யாரும் செய்யாததும் இதுதான். வாடிக்கையாளர் எழுந்து போனதும் இரண்டு நிமிடத்தில் நான்கு வரி எழுத வேண்டும். "நல்ல வாடிக்கையாளர், மரியாதையாகப் பேசினார்" என்பது பதிவே அல்ல. பதிவு இப்படி இருக்க வேண்டும்:

"ஆகஸ்ட் 12. நேரில் வந்தார். தை மாதம் மகள் திருமணம். டிசம்பர் 20-இல் முதிரும் 5 லட்சத்தைப் புதுப்பிக்க வேண்டாம், சேமிப்புக் கணக்கில் வரவு வைக்கவும் என்றார். தானியங்கிப் புதுப்பிப்பு இன்றே நீக்கப்பட்டது. காலை 11 மணிக்கு முன் கடையில் கூட்டம், அழைக்க வேண்டாம். அடுத்த செயல்: டிசம்பர் 15, முதிர்வை உறுதிசெய்து அழைப்பு."

தேதி, என்ன கேட்டார், நாம் என்ன சொன்னோம், அடுத்து யார் எப்போது என்ன செய்ய வேண்டும்: இந்த நான்கும் இருந்தால் பதிவு முழுமை. மேலே உள்ள எடுத்துக்காட்டில் தானியங்கிப் புதுப்பிப்பை நீக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். டிசம்பர் 20-இல் டெபாசிட் தானாகப் புதுப்பிக்கப்படும். ஜனவரியில் மண்டபத்துக்குப் பணம் கட்ட அவர் வந்து நிற்பார். முன்கூட்டியே முடிக்கிறீர்கள் என்று வட்டியைக் குறைத்துக் கொடுப்போம். வாயால் சொன்னதற்குச் சாட்சி இல்லை.

எழுதக் கூடாதவையும் உண்டு. சாதி, மதம், கட்சி, குடும்பச் சண்டை, 'வம்பு பிடித்தவர்' போன்ற தீர்ப்புகள் எதுவும் வேண்டாம். வாடிக்கையாளர் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாலும் கூச வேண்டியிராத வகையில் எழுதுங்கள். 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன்னைப் பற்றிய தரவின் சுருக்கத்தை மக்கள் கேட்டுப் பெறும் உரிமைக்கு வழிசெய்கிறது. ஆகவே ஒரு நாள் அவர் உண்மையிலேயே படிக்கக்கூடும்.

எங்கே எழுதுவது? வங்கி கொடுத்திருக்கும் மென்பொருளில் மட்டும். சொந்தக் கைபேசியில், வாட்ஸ்அப் குழுவில், பென்டிரைவில் உள்ள எக்செல் தாளில் வாடிக்கையாளர் விவரம் இருக்கவே கூடாது. மென்பொருள் மெதுவாக இருக்கிறது என்ற புகார் நியாயமானதுதான். அதற்காக ஆதார் நகலை வாட்ஸ்அப்பில் சுற்றவிட முடியாது.

நான்காம் படி: அவர் வருவதற்கு முன் நாம் அழைப்பது

பதிவுகள் சேர்ந்ததும் அவற்றிலிருந்து ஒரு நாட்காட்டி உருவாகும்: டெபாசிட் முதிர்வு, நகைக் கடன் கெடு, லாக்கர் வாடகை, கேஒய்சி கெடு, கடன் வரம்பு புதுப்பிப்பு. தினமும் காலையில் கூட்டம் வருமுன் அன்றைய அழைப்புகளை ஆளுக்கு ஐந்தாகப் பிரித்துக்கொள்ளலாம்.

ஆனால் வங்கியிலிருந்து அழைக்கிறோம் என்று சொன்னாலே மக்கள் போனை வைத்துவிடும் காலம் இது. அவர்கள் செய்வது சரியும்கூட. எனவே அழைப்புக்குச் சில ஒழுங்குகள் வேண்டும். வங்கிகளின் சேவை அழைப்புகளுக்கென்றே 1600 என்று தொடங்கும் எண் வரிசை ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதிலிருந்தோ கிளையின் தொலைபேசியிலிருந்தோ மட்டும் அழையுங்கள். கணக்கு எண், ஓடிபி, பிறந்த தேதி எதையும் கேட்காதீர்கள். சந்தேகப்பட்டால், "பாஸ்புக்கில் உள்ள கிளை எண்ணுக்கு நீங்களே அழையுங்கள்" என்று சொல்லி வைத்துவிடுங்கள். சந்தேகப்பட்டவரைப் பாராட்டவும் செய்யுங்கள்.

நகைக் கடனில் முன்னறிவிப்புக்குத் தனி மதிப்பு உண்டு. ஏல அறிவிப்புக் கடிதம் கையில் கிடைத்த பிறகுதான் நகை போகப் போகிறது என்று தெரிந்துகொள்ளும் பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். கெடுவுக்கு ஒரு மாதம் முன்னால், தமிழில், வட்டி மட்டும் இவ்வளவு, முழுத் தொகை இவ்வளவு என்று சொல்லும் ஓர் அழைப்பு வாராக்கடனையும் குறைக்கும், வயிற்றெரிச்சலையும் குறைக்கும்.

ஐந்தாம் படி: புகார்

உறவு உண்மையில் சோதிக்கப்படும் இடம் இது. புகார் சொல்லாமல் கணக்கை மூடிவிட்டுப் போகிறவர்தான் நஷ்டம்; சொல்ல வருகிறவர் இன்னும் நம்மை நம்புகிறார். ஆனால் கிளைகளில் புகார்ப் புத்தகம் கேட்டால் கிடைக்காத இடத்தில்தான் இருக்கும்.

முதல் விதி, புகார் வந்த கணமே எண் கொடுத்துப் பதியுங்கள். "பார்க்கிறேன் சார், நாளைக்கு வாருங்கள்" என்பது பதிவு அல்ல. இரண்டாவது, சில புகார்களுக்குக் காலக்கெடுவை ஏற்கெனவே ரிசர்வ் வங்கி எழுதிவைத்திருக்கிறது. கவுண்டரில் உள்ள ஒவ்வொருவருக்கும் அது மனப்பாடமாக இருக்க வேண்டும்.

ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் கழிந்துவிட்டதா? 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி பரிவர்த்தனை நாளுக்கு அடுத்த 5 நாட்களுக்குள் பணம் திரும்பியாக வேண்டும். அதைத் தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு, அதுவும் அவர் கேட்காமலே. கேட்டாலும் கொடுக்காத கிளைகளைப் பற்றி நான் இங்கே பேசப் போவதில்லை.

கணக்கிலிருந்து மோசடியாகப் பணம் போய்விட்டதென்று ஒருவர் ஓடி வருகிறாரா? அவரை உட்கார வையுங்கள், ஆனால் கடிதம் எழுதி வாருங்கள் என்று அனுப்பாதீர்கள். முதலில் கணக்கையும் அட்டையையும் முடக்குங்கள். அடுத்து உங்கள் மேசையிலிருந்தே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அவரை அழைக்கச் செய்யுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்கு முன் நிறுத்த வாய்ப்பிருப்பது அந்த முதல் சில மணி நேரத்தில்தான். கடிதமெல்லாம் அப்புறம். 2017 ஜூலையில் வகுக்கப்பட்ட விதிப்படி, தவறு வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை என்றால், வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பு கிடையாது. தெரிவித்த 10 வேலை நாட்களுக்குள் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். ஓடிபியை அவரே சொல்லிவிட்டிருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு நடக்கும் இழப்பு வங்கியுடையது. எனவே அவர் வந்த நேரத்தை நிமிடம் உட்படப் பதியுங்கள். அந்த நிமிடத்தின் விலை லட்சங்களாக இருக்கலாம்.

மற்ற புகார்களுக்கு 30 நாள் என்பது கடைசி எல்லை. அதற்குள் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தியில்லை என்றாலோ அவர் ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பு அதிகாரியிடம் போகலாம். 2021 நவம்பரில் இந்தத் திட்டம் தொடங்கியது, கட்டணம் கிடையாது. வங்கி ஒரு புகாரை நிராகரிப்பதற்கு முன் தன் உள் குறைதீர்ப்பு அதிகாரியின் பார்வைக்கு அனுப்பவும் வேண்டும். இந்த வழிகளைக் கிளையே வாடிக்கையாளருக்குச் சொல்லலாமா என்று தயங்குகிறார்கள். சொல்லுங்கள். மேலே போகும் வழியைக் காட்டுகிற ஆள் எதையோ மறைக்கிறார் என்று யாரும் நினைப்பதில்லை.

பதில் கடிதம் தமிழில், ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். என்ன நடந்தது, ஏன் நடந்தது, என்ன செய்துவிட்டோம், பணம் எந்தத் தேதியில் வரும். 'தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்' என்ற வரியை மட்டும் வைத்து முடிக்கிற கடிதம், அடுத்த புகாருக்கு இணைப்பாகத்தான் போகும்.

ஆறாம் படி: விற்பனைக்கு எல்லை

ஏற்கெனவே உள்ள வாடிக்கையாளரிடம் இன்னொரு சேவையை விற்பது சிஆர்எம்மின் அங்கம்தான், அதில் தவறில்லை. அது எங்கே போய் முடியலாம் என்பதற்கு அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ பாடம். ஒரு வாடிக்கையாளருக்கு எட்டு சேவை என்று இலக்கு வைத்தார்கள். அழுத்தம் தாங்காமல் ஊழியர்கள் மக்களுக்குத் தெரியாமலே கணக்குகளைத் தொடங்கினார்கள். 2016-இல் விஷயம் வெடித்தபோது 18.5 கோடி டாலர் அபராதம். தலைமை நிர்வாகி ஜான் ஸ்டம்ப் பதவி விலகினார். 2020-இல் மேலும் 300 கோடி டாலர் கட்டி வழக்கைத் தீர்த்துக்கொண்டார்கள்.

நம் கிளைகளில் இதன் உள்ளூர் வடிவம் காப்பீடு. டெபாசிட் போட வந்த முதியவர், ஆண்டுதோறும் பிரீமியம் கட்ட வேண்டிய பாலிசியோடு வீடு திரும்புவார். கடன் கேட்டவரிடம் பாலிசி எடுத்தால்தான் கையெழுத்து என்பார்கள். என் யோசனை கறாரானது: 60 வயது கடந்தவருக்கு அவர் வந்த அதே நாளில் காப்பீடு விற்காதீர்கள். விவரத்தாளைக் கொடுத்தனுப்புங்கள், பிள்ளைகளிடம் காட்டிவிட்டு வரட்டும். பாலிசி ஆவணம் கையில் கிடைத்த 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். மார்ச் மாத இலக்கு அடிபடும். படட்டும்.

ஏழாம் படி: வாடிக்கையாளர் இறந்த பிறகு

சிஆர்எம் பயிற்சிகளில் இந்தப் பாடமே இருப்பதில்லை. ஒரு குடும்பம் வங்கியைப் பற்றி ஆயுளுக்கும் நினைவில் வைத்திருப்பது இந்த ஒரு சந்திப்பைத்தான்.

கணவர் இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு பெண் மகனோடு வருகிறார். அவர் மூன்று கவுண்டர்களில் மூன்று முறை இறப்புச் செய்தியைச் சொல்ல நேரக் கூடாது. ஓர் அலுவலர், தனி அறை, கணவரின் வாடிக்கையாளர் எண்ணில் உள்ள சேமிப்பு, டெபாசிட், லாக்கர், கடன், காப்பீடு எல்லாவற்றின் பட்டியலும் ஒரே தாளில். முதல் படியில் இரட்டைப் பதிவுகளைச் சரிசெய்திருந்தால்தான் இந்தத் தாள் நம்பத் தகுந்ததாக இருக்கும். நியமனதாரர் (நாமினி) பெயர் பதிவாகியிருந்தால் வாரிசுச் சான்றிதழுக்கோ நீதிமன்ற ஆணைக்கோ அலையவிட வேண்டியதில்லை. இறப்புச் சான்றும் அடையாளச் சான்றும் கோரிக்கைப் படிவமும் போதும். ஆவணங்கள் சேர்ந்த 15 நாட்களுக்குள் பணம் போய்விட வேண்டும். நியமனதாரர் வாரிசுகளின் சார்பில் பணத்தைப் பெறுகிறவர்தான், அதனாலேயே முழு உரிமையாளர் ஆகிவிடுவதில்லை என்பதையும் பக்குவமாகச் சொல்லிவிட்டால் பின்னால் வரும் சண்டைக்கு வங்கி காரணமாகாது.

இதற்கான தயாரிப்பு உயிரோடு இருக்கும்போதே நடக்க வேண்டும். 2025 நவம்பர் 1 முதல் ஒரு டெபாசிட் கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். கவுண்டருக்கு வருகிறவரின் கணக்கில் நியமனதாரர் இடம் காலியாக இருந்தால் திரையில் எச்சரிக்கை வரும்படி செய்யச் சொல்லுங்கள். பத்து ஆண்டு யாரும் தொடாத பணம் ரிசர்வ் வங்கியின் டெபாசிட்தாரர் நிதிக்குப் போய்விடும். குடும்பத்தினர் அதை 'உத்கம்' தளத்தில் தேடலாம் என்பது பலருக்குத் தெரியாது.

எட்டாம் படி: ஒப்படைப்பு

மாற்றல் உத்தரவு வந்த அன்று மேலாளர் செய்வது சாவி, ரொக்கம், நகைப் பெட்டி ஒப்படைப்பு. அவற்றோடு இரண்டு தாள் வேண்டும். ஒன்று, கிளையின் முக்கிய ஐம்பது குடும்பங்கள் பற்றி ஆளுக்கு இரண்டு வரி. இன்னொன்று, நிலுவையில் உள்ள வாக்குறுதிகள்: அனுமதி கிடைத்துவிட்டவை எவை, மண்டல அலுவலகத்துக்கு அனுப்பியவை எவை, பார்க்கலாம் என்று சொன்னவை எவை. மூன்றாவது வகையை எழுதத்தான் கை தயங்கும். அதைத்தான் கட்டாயம் எழுத வேண்டும். முடிந்தால் கிளம்புவதற்கு முன் பெரிய கடன்தாரர்களைப் புதியவரோடு சேர்ந்து ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள்.

ஒன்பதாம் படி: எதை எண்ணுவது

எத்தனை அழைப்பு செய்தோம், எத்தனை பேரைச் சந்தித்தோம் என்று எண்ணாதீர்கள். அந்த எண்களை யாரும் எழுதி நிரப்பிவிட முடியும். ஒரே புகாரோடு இரண்டாம் முறை வந்தவர் எத்தனை பேர், முதிர்ந்த டெபாசிட்டில் எவ்வளவு நம்மிடமே தங்கியது, இறப்புக் கோரிக்கை முடிய எத்தனை நாள் ஆனது, கணக்கை மூடியவர் எழுதிய காரணம் என்ன, இந்த நான்கு போதும். வீட்டுக் கடன் தீர்ந்தவர்களுக்கு மூலப்பத்திரம் 30 நாட்களுக்குள் திரும்பியதா என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். தவறினால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்பதால் கணக்காய்வாளர் எப்படியும் கேட்பார்.

இந்த எண்களைப் பேசுவதற்கு ஓர் இடம் ஏற்கெனவே விதியில் இருக்கிறது. கிளைதோறும் வாடிக்கையாளர் சேவைக் குழு அமைத்து, அதில் வாடிக்கையாளர்களையும் மூத்த குடிமகன் ஒருவரையும் சேர்த்து, மாதம் ஒரு முறை கூட வேண்டும். பெரும்பாலான கிளைகளில் இது பதிவேட்டில் மட்டும் கூடும். நான்கு கையெழுத்து, ஒரு தேதி. உண்மையாகவே கூட்டுங்கள். மாதத்தின் முதல் சனிக்கிழமை வேலை நாள்தான், மாலையில் கூட்டம் குறைந்திருக்கும். புகழ்கிறவர்களை அழைக்காமல், அந்த மாதம் புகார் கொடுத்தவர்களில் மூவரை அழையுங்கள். காசாளரும் கடைநிலை ஊழியரும் உடன் உட்காரட்டும். போன மாதக் கூட்டத்தில் ஒப்புக்கொண்டவற்றை முதலில் வாசித்து, ஒவ்வொன்றுக்கும் நேராக முடிந்தது, முடியவில்லை என்று அவர்கள் முன்னாலேயே குறித்துவிட்டுப் புதியவற்றுக்குப் போங்கள்.